பெருநாள் அட்வான்ஸ்

பெரகல சந்தியில் காற்றுக்கு மட்டும்தான் வாடகை இல்லை. அதனால் அது நினைத்த நேரம் வரும், நினைத்ததைத் தூக்கிக்கொண்டு போகும். ஆடி பிறந்தால் என் டயர் கடைத் தகரத்தின் மேல் பழைய டயர்களை ஏற்றி வைப்பேன். அப்படியும் வருடத்துக்கு இரண்டு தகரமாவது பறந்து கீழே தேயிலைக்குள் விழும். இறங்கிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவதும் என் தொழிலில் சேர்த்திதான்.

என் கடை நிற்பது உம்மாவின் சீதனக் காணியில். நான் யாருக்கும் வாடகை கொடுப்பவனில்லை. ஆகவே பக்கத்துக் கடைக்கு வந்த வாடகைத் தகராறில் எனக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. என் கவலையெல்லாம் பகல் சாப்பாட்டைப் பற்றியது. விஜயலெட்சுமியின் ரொட்டிக் கடை மூடிவிட்டால் அப்புறம் இந்தச் சந்தியில் எனக்குக் கிடைப்பது பேக்கரி வேனில் வரும் பணிஸ்தான். அதைக் கடிப்பதற்கு நான் விற்கிற டயரையே கடிக்கலாம்.

விஜயலெட்சுமி சந்திக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் இருப்பவள். பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டி, நாற்பதை நெருங்கும்போது கழற்றி வைத்தாள். புருஷன் ரஜீவ் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறான், கவ்வாத்து வெட்டுகிறான். அவன் காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்கும்வரைதான் லயத்தில் அந்த ஒற்றை அறைக் காம்பரா அவர்களுக்கு. அந்தக் காம்பராவில்தான் ரஜீவின் தாத்தாவும் பிறந்தார். இத்தனை தலைமுறை இருந்த இடத்துக்கு அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

விடியும் முன்னே அவள் குறுக்குப் பாதையால் ஏறி வந்துவிடுவாள். வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கும் லொறிகள் சந்தியில் நின்றுதான் போகும். சாரதிகள் இறங்கிக் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்கும்போது கல் சூடேறியிருக்கும். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த மாவை உருட்டி, உள்ளங்கையால் தட்டி, கல்லில் போடுவாள். ஒரு பக்கம் வெந்ததும் விரலாலேயே திருப்புவாள். அவள் விரல்களுக்குச் சூடு என்பதே தெரியாது. ரொட்டியோடு மிளகாய் இடித்த கட்டசம்பல், பருப்பு, பிளேன்டீ. அவ்வளவுதான் அந்தக் கடையில். அதற்கே லொறிகள் வரிசையில் நிற்கும்.

கடை பண்டாரவளை மொஹிதீன் ஹாஜியாருடையது. அங்கே டவுனில் சீமெந்து, கம்பி விற்கும் பெரிய கடை வைத்திருப்பவர். இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருடம் சித்திரையில் அவர் விஜயலெட்சுமிக்கு ஐந்து வருட ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு சித்திரைக்கும் வாடகை நூற்றுக்குப் பத்துக் கூடும். இடையில் எதுவும் மாற்றுவதானால் இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். விஜயலெட்சுமி அதை மூன்று தரம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தன் பெயரை எழுதினாள். அடுத்த நாளே அப்புத்தளைக்குப் போய்ப் பக்கம் பக்கமாக லெமினேட் செய்துகொண்டு வந்துவிட்டாள்.

"என்ன தங்கச்சி, அடையாள அட்டைக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிட்டு வந்திரிக்கிறீங்க? இனி இதில ஒரு சீல் குத்த ஏலாதே" என்றேன்.

"குத்த வேண்டியதெல்லாம் குத்தியாச்சி நானா. இனிமே ஒருத்தரும் கை வைக்காம இருக்கட்டும்" என்றாள்.

மூன்று வருடம் நல்லபடியாகப் போனது. பிறகு ஹாஜியார் வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்தார். மகன் ஷப்ராஸ் பொறுப்பெடுத்தான். கெட்ட பையன் இல்லை. ஆனால் கஷ்டத்தைக் கஷ்டம் என்று சொல்ல வெட்கப்படுகிற ரகம். அதை அதிகாரமாக மாற்றித்தான் வெளியே விடுவான்.

நோன்பு மாதம் அது. மோட்டார் சைக்கிளில் வந்தான். நான் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன், பேசியது முழுக்கக் காதில் விழுந்தது.

"அக்கா, பெருநாள் வருது. செலவு தலைக்கு மேல இரிக்கி. இந்த மாசத்திலேரிந்து ரெண்டாயிரம் கூட்டித் தாங்க."

"அதுக்கென்னாங்க தம்பி. நல்ல நாளு வருது. தாரேன்."

இவ்வளவுதான் பேச்சு. அவன் போய்விட்டான். அவளும் கொடுத்தாள். அடுத்த மாதம் சித்திரை. ஒப்பந்தப்படி கூட வேண்டிய பத்து வீதத்தையும் கூட்டி, அதற்கு மேல் இந்த இரண்டாயிரத்தையும் வைத்துக் கொடுத்தாள். வைகாசியிலும் அப்படியே. ஆனியில் காசை எடுத்துப் பார்த்த ஷப்ராஸ் அதே இடத்தில் நின்றுவிட்டான்.

"என்ன அக்கா இது? கொறையிது."

"கொறையலீங்க தம்பி. கழிச்சிருக்கேன்."

"எத?"

"நோம்புப் பெருநாளுக்கு வாங்கினீங்களே, அந்த அட்வான்ஸ. மூணு மாசமா வாங்கினத மூணு மாசத்துல கழிச்சிர்றேன். வட்டி கிட்டி ஒண்ணும் வேணாங்க."

வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் ஹாஜியார் மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, டியூபைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"நான் அட்வான்ஸ் வாங்கினேனா? ஒங்ககிட்டயா? அது வாடக. கூட்டின வாடக."

"கூட்டுறது சித்திரையில தானுங்களே. அதையுந்தான் சேத்துக் குடுத்தேன்."

"அது வேற, இது வேற. இப்ப எல்ல ஊருக்கு டூரிஸ்ட் வேன் எவ்வளவு போகுது பாருங்க. இந்த எடத்துக்கு டபுள் வாடக தர ஆள் நிக்கிது. நீங்க மூணு மாசம் ஒரு வார்த்த பேசாமத் தந்தீங்க. தந்தா ஒத்துக்கிட்டீங்க எண்டுதான் அர்த்தம். இப்ப வந்து கழிக்கிறன் எண்டா என்ன கத இது?"

"நான் ஒத்துக்கிட்டது பெருநாள் செலவுக்குத் தம்பி. வாடகைக்கு இல்ல."

"ஏலாட்டி ஆடி முடிய சாவியத் தாங்க."

மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. விஜயலெட்சுமி கல்லில் இருந்த ரொட்டியைத் திருப்ப மறந்துவிட்டாள். அது கருகியதைக் கண்டது நான் அன்றைக்குத்தான்.

ஷப்ராஸ் அவளைக் கள்ளி என்று நினைத்தான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. டவுனில் பிறந்தவனுக்குத் தோட்டத்துப் பழக்கம் தெரியாது. தோட்டத்தில் தீபாவளி வந்தால் கம்பனி அட்வான்ஸ் கொடுக்கும். துணிமணியும் பலகாரமும் அதில்தான். பிறகு ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். பிறந்தது முதல் அவள் கண்டது அதைத்தான். பண்டிகைக்கு முன் ஒருவர் கூடுதலாகக் கேட்டால் அது அட்வான்ஸ், பண்டிகை முடிந்தால் கழியும். இதைப் போய் யாராவது வாயால் சொல்வார்களா, எழுதுவார்களா? மழை மேலிருந்து பெய்யும் என்று சொல்லத் தேவையில்லாதது போலத்தான் அவளுக்கு இது. எனக்கு விளங்கியது. ஆனால் மூன்று மாதம் கொடுத்தது கொடுத்ததுதானே, அதை வைத்து அவன் ஒப்பந்தத்தையே புரட்டிவிடுவானோ என்று எனக்கும் உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு ஆள் வந்து கடையை அளந்தான். பீசா கடை போடப் போகிறானாம். அவன் நாடாவை இழுக்கக் கஷ்டப்படுவதைப் பார்த்து விஜயலெட்சுமியே மறு முனையைப் பிடித்துக் கொடுத்தாள். அளந்து முடிந்ததும் பிளேன்டீயும் ஊற்றிக் கொடுத்தாள்.

"ஒங்களுக்குக் கோவமே வராதா தங்கச்சி?" என்று கேட்டேன்.

"அந்தாளு மேல என்னாத்துக்கு நானா கோவம்? அவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது தெரியாது. அளக்கட்டும். ரெண்டு வருஷம் போயி ஒப்பந்தம் முடிஞ்சா ஒதவும்."

அன்று மத்தியானம் ரஜீவ் கவ்வாத்துக் கத்தியோடு நேராகக் கடைக்கு வந்தான். தோளில் ஒரு கட்டு மிலாறு. வெட்டிய தேயிலைக் கம்புகளை அவன் கொண்டுவந்து போட்டால்தான் அடுப்பு எரியும். கட்டை இறக்கிவிட்டு வாங்கில் உட்கார்ந்தான். அவள் ரொட்டி வைத்தாள். நானும் அந்த வாங்கில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கேக்கிறதக் குடுத்துட்டுப் போவம் விஜி."

"குடுத்தா மிச்சம் என்னா இருக்கும்? மாவுக்கும் தேங்காய்க்கும் போக, கல்லச் சொரண்டித்தான் திங்கணும்."

"அப்ப விட்டுட்டு வா. மறுபடி கூடய மாட்டிக்க. தொரைக்கிட்ட நான் பேசுறேன்."

"மாட்ட மாட்டேன்."

"மொதலாளியோட மல்லுக்கட்டி ஜெயிச்ச ஆளு நம்ம லயத்துல யாரு இருக்கா, சொல்லு பாப்பம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் எதிரே நின்றாள். "நம்ம லயத்துல யாருக்கிட்டயுமே கடதாசி இல்லயேங்க. எதக் காட்டி மல்லுக்கட்டுறது? போன்னா போகணும், இருன்னா இருக்கணும். எனக்கு அப்படியில்ல. நான் இன்ன வருஷம் இன்னது குடுக்கணும், அவுங்க அதுக்கு மேல கேக்கக் கூடாதுன்னு எழுதி, எம்பேரு அதுல இருக்கு. அத வச்சிக்கிட்டும் நான் பயந்தா, அப்பறம் கையெழுத்து எதுக்குப் போட்டேன்?"

ரஜீவ் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டான். சாப்பிடவில்லை. "நீ சொல்றது சரிதான். எனக்குத்தான் பயமா இருக்கு" என்றான். அந்த மனிதன் அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

நான் என் யோசனையைச் சொன்னேன். "ஹாஜியார் படுக்கையில இரிந்தாலும் பேச்சு நல்லா இரிக்கி. வாங்க, நான் கூட்டிட்டுப் போறன். ஒரு வார்த்த செல்லுங்க. மகன ஒரு சத்தம் போட்டார் எண்டா முடிஞ்சி."

அவள் தலையாட்டவில்லை. "வேணாம் நானா. ஒடம்புக்கு முடியாத மனுசன். அவருக்கிட்டப் போயி மகனப் பத்திச் சொன்னா, அவரு எரக்கப்பட்டு விட்டுக் குடுத்ததா ஆயிரும். எழுதினதக் கேக்கிறதுக்கு என்னாத்துக்கு எரக்கம்? கேக்கிற எடத்துல கேப்பம்."

கேட்கிற இடம் மத்தியஸ்த சபை. கோர்ட்டு கச்சேரி இல்லாமல் வழக்குகளைப் பேசித் தீர்க்கும் சபை, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்புத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடும். அவள் போய் முறைப்பாடு கொடுத்தாள். ஷப்ராஸுக்கும் அறிவித்தல் போனது. குறித்த ஞாயிற்றுக்கிழமை ரஜீவும் நானும் அவளோடு போனோம். அவன் வரமாட்டான் என்று நான் நினைத்தேன். வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் வழக்கைக் கேட்க மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் அகீலா டீச்சர். பென்சன் எடுத்த கணக்கு டீச்சர். காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருந்ததால் பேசுவதற்கே எல்லோரும் சத்தம் போட வேண்டியிருந்தது. விஜயலெட்சுமி லெமினேட் பக்கங்களை மேசையில் வைத்தாள். டீச்சர் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, ஒப்பந்தத்தப் பத்தி ரெண்டு பேருக்கும் பிரச்சின இல்லத்தானே? வருஷத்துக்குப் பத்து வீதம். இடையில மாத்துறதுன்னா எழுத்துல."

"இல்ல டீச்சர். ஆனா எழுதின காலம் வேற, இப்ப காலம் வேற. சாமான் வெல, கரண்ட் பில், எல்லாம் ஏறிட்டு. பத்து வீதத்த வச்சிட்டு நான் என்ன செய்ய? அவங்களும் அது விளங்கித்தான் மூணு மாசம் கூட்டித் தந்தாங்க. இப்ப அட்வான்ஸ் எண்டு கத மாத்துறாங்க."

டீச்சர் விஜயலெட்சுமியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தே பேசலாம் என்று சொன்னார்கள், அவள் உட்காரவில்லை. தோட்டத்து வழக்கத்தைச் சொன்னாள். தீபாவளிக்கு வாங்குவது, மாதாமாதம் கழிவது, எல்லாம். "இவரு பெருநாளுன்னாரு. அதனால அட்வான்ஸுன்னு நெனச்சேன். கேட்டு உறுதிப்படுத்தாதது எந்தப்பு. அத ஒத்துக்கிறேன்" என்றாள்.

"தோட்டத்துப் பழக்கம் எனக்கு என்னத்துக்கு?" என்றான் ஷப்ராஸ்.

"சரிங்க தம்பி, அது வேணாம். காலம் மாறிப்போச்சின்னீங்களே, அதப் பேசுவம்." அவள் குரல் உயரவில்லை, காற்றுக்கு மேல் கேட்குமளவுக்கு மட்டும்தான் இருந்தது. "ரெண்டாயிரத்து இருவத்தி ரெண்டுல காலம் மாறித்தானுங்களே இருந்திச்சி? டீசல் இல்ல. வெலிமடயில இருந்து ஒரு லொறி வரல. கேஸ் இல்ல, மாவு இல்ல. நான் எம்புருஷன் கொண்டாந்த மிலாற எரிச்சி, மரவள்ளிக் கெழங்க அவிச்சி, டீசல் லைன்ல நின்ன சனத்துக்கு வித்தேன். அந்தச் சித்திரைக்கும் பத்து வீதம் கூடிச்சி. நான் தோட்டத்து லொறியில தொத்திக்கிட்டு பண்டாரவளைக்கு வந்து ஒங்க வாப்பா கையில குடுத்தேன். அவரு, இந்த வருஷம் கூட்ட வேணாம்மா, பழசையே தாங்கன்னாரு. நான் கேக்கல. எழுதினது எழுதினது தாங்கன்னுட்டு வச்சிட்டு வந்தேன். அன்னைக்கி காலத்தக் காட்டி நான் கொறைக்கல. இன்னைக்கி காலத்தக் காட்டி நீங்க எப்படித் தம்பி கூட்டுவீங்க?"

அந்த வருடம் நானும் சந்தியில்தான் இருந்தேன். டயர் தேயாத காலம், ஒரு நாளைக்கு ஒரு பஞ்சர் கூட இல்லை. அவள் அவித்த கிழங்கில்தான் எங்கள் வீடும் ஓடியது. அப்போது அவள் வாடகையைக் கூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அங்கேயே எழுந்து கை தட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு.

ஷப்ராஸ் போனைச் சட்டைப் பையில் போட்டான். "வாப்பா சொன்னார்" என்றான் மெதுவாக. "அந்தக் கடைக்காரம்மா பஞ்ச காலத்திலயும் கூட்டித் தந்தாங்க எண்டு. நான் அத மறந்திட்டன்."

டீச்சர் அவனிடம் நிதானமாகக் கேட்டார். "தம்பி, சட்டம் கிடக்கட்டும். உண்மையா ஏன் கூட்டக் கேட்டீங்க?"

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கடையில யாவாரம் இல்ல டீச்சர். வீடு கட்ட யாரும் இல்ல, சீமெந்து மூட கட்டியாகுது. வாப்பாட மருந்து வேற. பெருநாளுக்குப் புள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கக் கூடக் கையில இரிக்கல்ல. அத எப்படி வந்து சொல்றது?"

"சொல்லியிருக்கலாமேங்க தம்பி" என்றாள் விஜயலெட்சுமி.

டீச்சர் எழுதி வாசித்தார். ஒப்பந்தம் எப்படி இருக்கிறதோ அப்படியே முடிவு காலம்வரை நடக்கும். சித்திரைக்குச் சித்திரை பத்து வீதம், அதற்கு மேல் ஒருவர் மட்டும் நினைத்துக் கூட்ட முடியாது. கூடுதலாக வாங்கியது வாடகையில் கழியும். எத்தனை மாதத்தில் கழிப்பது என்று கேட்டபோது ஷப்ராஸ் மூன்று என்று வாயெடுத்தான். விஜயலெட்சுமி தடுத்தாள்.

"ஆறு மாசம் போடுங்க டீச்சர். ஒரேயடியாக் கழிச்சா தம்பிக்குக் கஷ்டம். தோட்டத்துல எங்களுக்கும் மெல்லத்தான் கழிப்பாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ரஜீவ் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான். பெரகலயில் இறங்கியதும் அவள் கையில் இருந்த பையை வாங்கித் தான் தூக்கிக்கொண்டான். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். எனக்கு அந்த நேரம் உலகத்தில் யார் மேலும் கோபம் இல்லை.

பீசாக்காரன் பிறகு எல்ல ஊர்ப் பக்கம் போய்க் கடை போட்டான். தை பிறக்கும் முன்னே கழிக்க வேண்டியதெல்லாம் கழிந்து முடிந்தது. அந்தத் தையிலிருந்து விஜயலெட்சுமி முழு வாடகையைக் கொடுத்தாள்.

அடுத்த நோன்பு மாதம் ஒரு பின்னேரம் ஷப்ராஸ் வந்தான். மோட்டார் சைக்கிளை என் கடை முன்னால் நிறுத்தி, பின் டயரில் காற்று பார்க்கச் சொன்னான். பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. முன் டயரையும் பார்க்கச் சொன்னான். அதுவும் சரிதான். அவன் டயருக்கு வரவில்லை என்பது எனக்கு விளங்கியது. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்குள் போனான். நானும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன். சாட்சிக்காரனுக்கு அந்த உரிமையாவது இருக்க வேண்டாமா?

"அக்கா." அவன் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். "பெருநாள் வருது. ஒரு அட்வான்ஸ் தர ஏலுமா? வாடக இல்ல. அட்வான்ஸ். நாலு மாசத்தில கழிச்சிக்கங்க. எழுதித் தாரன்."

விஜயலெட்சுமி மாவுக் கையோடு அவனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது.

"தலையக் குனியாதீங்க தம்பி" என்றாள். "தீவாளிக்கு முன்னாடி தொரை பங்களா வாசல்ல வரிசையா நின்னு கேட்ட ஆளுங்க நாங்க. எங்கம்மா என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போயி நிப்பா. கேக்கிறவங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒக்காருங்க."

அவன் வாங்கில் உட்கார்ந்தான். ஒரு கொப்பித் தாளில் எழுதினோம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு நானே.

"லெமினேட் பண்ணிட்டு வரவா தங்கச்சி?" என்று கேட்டேன்.

"வேணாம் நானா. இது கழிஞ்ச ஒடன கிழிச்சிப் போட வேண்டிய கடதாசி."

ஷப்ராஸ் சிரித்தான். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து நாளாகிவிட்டது. எழுந்து புறப்பட்டவனை அவள் நிற்கச் சொன்னாள். சூடாக எடுத்த ரொட்டிகளைத் தாளில் சுற்றி, கட்டசம்பலைத் தனியாக ஒரு பையில் கட்டி, நோன்பு துறக்க வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிக் கையில் கொடுத்தாள். அவன் காசை எடுத்தான். அவள் வாங்கவில்லை, கழிக்கிற கணக்கிலும் சேர்க்கவில்லை.